மூட்டைக்கு ஒரு வயது, துப்பாக்கிக்கு ஒரு வயது

1

சென்னைத் துறைமுகத்தில் ஒரு மூட்டையைத் தூக்க எத்தனை வயது நிறைந்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கு 1938-இல் சட்டம் தெளிவாக விடை சொல்லியது. அவ்வாண்டு இயற்றப்பட்ட குழந்தைகள் வேலையமர்த்தல் சட்டம், ரயில் போக்குவரத்து வேலைகளிலும் துறைமுக எல்லைக்குள் சரக்குகளைக் கையாளும் வேலைகளிலும் 15 வயது நிறையாதவர்களை அமர்த்தக் கூடாது என்றது. ராயபுரத்துக்கு இது இரட்டைப் பொருத்தமான சட்டம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் புறப்பட்டது அங்கிருந்துதான். துறைமுகமோ கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

அதற்கும் முன்னால் இன்னொரு விதி இருந்தது. நீராவிக் கப்பலின் அடித்தளத்தில் நின்று கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடும் வேலைக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1921-இல் ஓர் உடன்படிக்கை செய்தது. இந்தியாவும் அதை ஏற்றது. ஆனால் அதில் ஒரு விலக்கு இருந்தது: இந்தியா, ஜப்பான் ஆகிய நாடுகளின் கரையோரக் கப்பல்களில் மட்டும், மருத்துவச் சோதனைக்குப் பிறகு, 16 வயதுக்காரனையும் கரி தள்ள விடலாம். வெள்ளைக்காரச் சிறுவனின் உடம்புக்கு 18 தேவைப்பட்ட இடத்தில் நம்மூர்ச் சிறுவனுக்கு 16 போதுமானதாக இருந்திருக்கிறது.

இனி இதே கேள்வியைத் துப்பாக்கிக்குக் கேட்டுப் பார்ப்போம். ஒருவன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போர்க்களத்துக்குப் போக எத்தனை வயது ஆகியிருக்க வேண்டும்? உலகச் சட்டம் இதற்கு முதன்முதலாக விடை எழுதியது 1977-இல், ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான கூடுதல் நெறிமுறைகளில். விடை 15. துறைமுக மூட்டைக்கு 1938-இல் கிடைத்த வயதைத் துப்பாக்கி எட்டிப் பிடிக்க 39 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. கரி தள்ளுவதற்கு 1921-இல் சொன்ன 18-ஐப் போருக்குச் சொல்ல 2000-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த 18-உம் முழுமையான 18 அல்ல என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இந்த இரண்டு வரலாறுகளையும் நாம் பொதுவாகச் சேர்த்து வாசிப்பதில்லை. குழந்தைத் தொழிலாளர் பற்றிப் பேசுபவர்கள் ஒரு பக்கம், சிறார் போராளிகள் பற்றிப் பேசுபவர்கள் வேறு பக்கம். பிந்தையது என்றதும் ஆப்பிரிக்கா நம் நினைவுக்கு வருகிறது. சியரா லியோன், காங்கோ, உகாண்டா என்று பெயர்களைச் சொல்கிறோம். பாக் நீரிணைக்கு அப்பால், நம் மொழி பேசிய பிள்ளைகள் இருபது ஆண்டுகளுக்கு மேல் அதே கதியில் இருந்ததைச் சொல்லத் தயங்குகிறோம். வடசென்னையின் ஆலைகளும் துறைமுகமும் வயதைப் பற்றிக் கற்றுத்தந்த பாடங்களைக் கொண்டு அந்த வரலாற்றை வாசிக்க முடியும் என்பது என் எண்ணம்.

2

இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-இல் வந்தது. ஏழு வயது நிறையாத குழந்தையை ஆலை வேலைக்கு வைக்கக் கூடாது என்று அது சொன்னது. ஏழு முதல் பன்னிரண்டு வரையுள்ளவர்கள் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் உழைக்கலாம். இதற்குக் கருணை மட்டும் காரணமன்று. மலிவான கூலியில் இந்திய ஆலைகள் போட்டிக்கு வருகின்றன என்ற லங்காஷயர் முதலாளிகளின் எரிச்சலுக்கும் அதில் பெரும்பங்கு இருந்தது. 1891-இல் குறைந்தபட்ச வயது 9 ஆயிற்று, 1922-இல் 12, சுதந்திரத்துக்குப் பின் 1948-இல் 14. ஏழிலிருந்து பதினான்குக்கு ஏற 67 ஆண்டுகள்.

பெரம்பூரின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள் இந்தக் காலத்தின் குழந்தைகள். அரைநேர வேலை பார்த்த சிறுவர்களுக்கென்று அவை பள்ளிக்கூடமும் நடத்தின. அந்த ஆலைகளின் காக்கித் துணி பேர்பெற்றது. ராணுவத்துக்கும் அது சென்றது. சிப்பாயின் சீருடைத் துணிக்கு நூல் கட்டியவனின் வயதைச் சட்டம் கேட்டது. அதை உடுத்திக்கொள்பவனின் வயதைக் கேட்கும் உரிமை ராணுவத்துக்கு மட்டுமே இருந்தது.

எண்ணைச் சட்டத்தில் எழுதியதோடு வேலை முடிந்துவிடவில்லை. பிறந்த தேதி எழுதிவைக்கப்படாத குடும்பங்களில் ஒரு பையனுக்கு வயது என்ன என்பதை யார் சொல்வது? முதலாளி சொல்லலாம் என்று விட்டால் எல்லாப் பையன்களுக்கும் தேவையான வயது ஆகிவிடும். பெற்றோர் சொல்லலாம் என்று விட்டாலும் அப்படித்தான். பசி வயதைக் கூட்டிச் சொல்லும். ஆகவே சான்றளிக்கும் மருத்துவர் என்றொருவர் ஏற்படுத்தப்பட்டார். பல்லையும் உடற்கட்டையும் பார்த்து வயதைச் சொல்ல வேண்டியது அவர் கடமை. ஆலைக்குள் நுழைந்து பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும் அதிகாரத்தோடு தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு நுணுக்கமான ஏற்பாடு உண்டு: வேலைக்கு வரும் இளையவன் தன் தகுதிச் சான்றைக் குறிக்கும் ஒரு வில்லையை வேலை நேரத்தில் உடன் வைத்திருக்க வேண்டும். அந்த வில்லையைப் பார்த்தால் சான்று எங்கிருக்கிறது என்று ஆய்வாளருக்குத் தெரிந்துவிடும்.

எண் ஒன்று, அந்த எண்ணைச் சொல்பவர், ஆளைத் தேவைப்படுகிறவராக இல்லாமல் வேறொருவராக இருப்பது, வாசலைத் தாண்டி உள்ளே வந்து பார்க்கும் அதிகாரம். இந்த மூன்றும் சேர்ந்தபோதுதான் வயது விதி ஓரளவு உயிர்பெற்றது.

அப்படியும் ஒரு கதவு திறந்தே இருந்தது. 1938-ஆம் ஆண்டுச் சட்டம் தீப்பெட்டி, பட்டாசு, பீடி போன்ற தொழில்களையும் பட்டியலிட்டு வயது வரம்பு வைத்தது. ஆனால் கூலிக்கு ஆள் வைக்காமல், குடும்பத்தாரின் உதவியோடு மட்டுமே நடக்கும் பட்டறைகளுக்கு விலக்கு அளித்தது. திருவொற்றியூரில் இயந்திரங்களோடு இயங்கிய விம்கோ தீப்பெட்டி ஆலையின் வாயிலுக்குள் ஆய்வாளர் போக முடிந்தது. இன்று அந்தப் பெயர் மெட்ரோ நிலையத்தின் பெயராக மிஞ்சியிருக்கிறது. சிவகாசிப் பக்கத்துக் குடிசைகளில் குச்சி அடுக்கிய பிள்ளைகளோ, வீட்டில் அம்மாவுக்கு உதவுகிறவர்கள் ஆனார்கள். ‘குடும்ப உதவி’ என்ற சொல் அவர்களைச் சட்டத்தின் கண்ணிலிருந்து மறைத்தது. ராணுவச் சட்டங்களில் இதே வேலையைச் செய்யும் சொல் ‘தன்விருப்பம்’. அதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்லலாம்.

3

படைக்கும் பிள்ளைகளுக்கும் உள்ள உறவு சென்னைக்குப் புதிதன்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஐரோப்பியச் சிப்பாய்களுக்கு இங்கே பிறந்து அநாதைகளான ஆண்பிள்ளைகளுக்காக 1789-இல் எழும்பூரில் ஒரு விடுதி திறக்கப்பட்டது. மூத்த மாணவனே இளையவனுக்குக் கற்பிக்கும் முறையை ஆண்ட்ரூ பெல் அங்கேதான் சோதித்துப் பார்த்தார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்து வரை போயிற்று. தாய், தந்தை இருவரும் ஐரோப்பியராக இல்லாதவர்களைக் கம்பெனிப் படையில் சேர்க்கக் கூடாது என்று 1795-இல் ஆணை வந்தபோது, முரசு அடிப்பவர், குழல் ஊதுபவர், வாத்தியக்காரர், லாடம் அடிப்பவர் ஆகியோருக்கு மட்டும் விலக்கு இருந்தது. படையின் விளிம்பில் முரசோடு நிற்பது அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு எஞ்சிய சில வழிகளில் ஒன்றாயிற்று. அவர்களின் வயது பற்றிய கவலை அந்த ஆணையில் இல்லை. தாய் யார் என்பதே அதன் கவலை.

நம்முடைய மரபிலும் இதற்கொரு புகழ்பெற்ற இடம் இருக்கிறது. புறநானூற்றின் 279-ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தியார் காட்டும் தாயை அறியாத தமிழ் வாசகர் இருக்க மாட்டார். தந்தையைப் போரில் இழந்தவள், கணவனையும் இழந்தவள், போர்ப்பறை கேட்டதும் தன் ஒரே மகனின் தலைக்கு எண்ணெய் தடவி வாரி, வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். பாடல் அவளுடைய துணிவைக் கண்டு திகைக்கிறது என்றே நான் வாசிக்கிறேன். அந்தத் திகைப்பில் வியப்பும் இருக்கிறது, நடுக்கமும் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டு மேடைகள் நடுக்கத்தைக் களைந்துவிட்டு வியப்பை மட்டும் எடுத்துக்கொண்டன. வாரி முடிக்கத் தாயின் கை தேவைப்பட்ட அந்தத் தலைக்கு வயது எத்தனை என்று எந்த மேடையிலும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

1943-இல் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் தொடங்கிய ஜான்சி ராணிப் படைக்குத் தலைமையேற்றவர் சென்னையில் பிறந்த மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன். படையில் பெரும்பாலோர் மலாயாவின் தமிழ்ப் பெண்கள், பலர் ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகள். பின்னாளில் மலேசியாவின் மதிப்புக்குரிய சமூகச் செயற்பாட்டாளராக அறியப்பட்ட ராசம்மா பூபாலன் சேர்ந்தபோது அவருக்கு வயது 16. மணமாகாத பெண்ணுக்குத் தந்தையின் கையொப்பமும் மணமானவளுக்குக் கணவனின் கையொப்பமும் கேட்கப்பட்டன. ஆக, பெண் தானே முடிவெடுக்கலாமா என்ற ஐயம் படைக்கு இருந்திருக்கிறது. சிறுமி போர்முனைக்குப் போகலாமா என்ற ஐயம் அந்த அளவுக்கு இல்லை. அவர்களுடைய தியாகத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியேறிய குடும்பங்களோடு அந்தப் படைகளின் கதைகளும் கப்பலேறி வந்தன. பெருமிதத்துக்குரிய கதைகள்தாம். ஆனால் பெருமிதம் இருக்கும் இடத்தில் வயதைக் கேட்பது மரியாதைக் குறைவாகிவிடுகிறது. ஈழத்தில் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த மனநிலை முக்கியமானது.

4

யாழ்ப்பாணத்துப் பேச்சில் போராளிகளுக்கு வழங்கிய பெயர் ‘பெடியள்’. பொடியன்கள், பையன்கள் என்று பொருள். 1983 ஜூலைப் படுகொலைகளுக்குப் பிறகு இயக்கங்களை நோக்கி ஓடியவர்களுள் பள்ளிச் சீருடையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனவர்கள் ஏராளம். வீடு எரிந்ததைக் கண்ட பிள்ளை, தமையன் காணாமற்போனதைக் கண்ட பிள்ளை, சுற்றிவளைப்பில் அடிபட்ட பிள்ளை. அவர்களை யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. தமிழ்நாட்டில் பல இயக்கங்களுக்கும் பயிற்சி முகாம்கள் இருந்தன. வந்தவர்களில் எவரையேனும் ‘உனக்கு வயது போதாது, திரும்பிப் போ’ என்று சொல்லும் கடமை எந்த அரசுக்கும் இருப்பதாக அன்று கருதப்படவில்லை. ‘பெடியள்’ என்ற சொல்லிலேயே செய்தி இருந்தது. அதைச் செல்லப்பெயராகவே எல்லோரும் கேட்டோம்.

1989-இல் நடந்தது வேறு வகை. அதை நம்மில் பலர் மறந்துவிட்டோம், அல்லது மறக்க விரும்புகிறோம். 1987 ஜூலை ஒப்பந்தத்தின் வழி வடகிழக்கு மாகாண சபை அமைந்தது. 1988 டிசம்பரில் வரதராஜப் பெருமாள் முதலமைச்சரானார். 1989 ஜூனில் இந்திய அமைதிப்படை வெளியேற வேண்டும் என்று ஜனாதிபதி பிரேமதாச கோரினார். படை போய்விட்டால் புலிகளை எதிர்கொள்ள ஒரு தமிழ்ப் படை வேண்டும் என்று ஈ.பி.ஆர்.எல்.எஃப்.பும் அதன் கூட்டு இயக்கங்களும் கருதின. இந்தியப் படையின் பின்புலத்தோடு ஆள்பிடிப்பு தொடங்கியது. வீதியில் போனவர்கள், பேருந்தில் இருந்தவர்கள், டியூட்டரிக்குச் சென்ற மாணவர்கள் பிடிக்கப்பட்டார்கள். தலை மொட்டையடிக்கப்பட்டு, சில வாரப் பயிற்சி கொடுக்கப்பட்டு, ‘தமிழ்த் தேசிய ராணுவம்’ ஆனார்கள். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பு அந்நாட்களிலேயே இதைப் பதிவு செய்தது. அவ்வமைப்பினர் எழுதிய ‘முறிந்த பனை’யின் ஆசிரியர்களில் ஒருவரான ராஜனி திராணகம அதே ஆண்டு செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார்.

இந்தியப் படை பின்வாங்கப் பின்வாங்க, 1989-இன் இறுதி மாதங்களில் கிழக்கில் புலிகள் இந்தப் படையைத் தாக்கினார்கள். போரே கேட்காத பிள்ளைகள் பலர் இறந்தார்கள். பிடித்துக்கொண்டு போன இயக்கத்தின் தலைவர்கள் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தனர். 1990 மார்ச் 24 அன்று கடைசி இந்தியத் துருப்புகள் திருகோணமலையை விட்டுப் புறப்பட்டன. சென்னைத் துறைமுகத்தில் நடந்த வரவேற்பில் முதலமைச்சர் கருணாநிதி கலந்துகொள்ளவில்லை. அது அன்றைய தமிழக அரசியலின் பெரும் விவாதம். கலந்துகொள்ளாதது சரியா தவறா என்று பத்திரிகைகள் எழுதின, நாமும் தேநீர்க் கடைகளில் பேசினோம். அந்தப் படை யாருடைய பிள்ளைகள் கையில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வருகிறது என்பது விவாதத்துக்கு வரவில்லை. 15 வயது நிறையாதவன் மூட்டை தூக்கக் கூடாது என்று அரை நூற்றாண்டுக்கு முன்பே சட்டம் வந்த அதே துறைமுகத்தில்தான் இது நிகழ்ந்தது.

5

இதே காலத்தில் உலகச் சட்டம் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. 1989 நவம்பர் 20 அன்று ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கை, 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட எவரும் குழந்தையே என்று முதல் பிரிவில் சொல்லிவிட்டு, 38-ஆம் பிரிவில் போருக்கு மட்டும் 15 என்றது. கல்வி, உணவு, விளையாட்டு எல்லாவற்றுக்கும் குழந்தையாக இருப்பவன் போருக்கு மட்டும் மூன்று ஆண்டுகள் முன்னதாகவே பெரியவனாகிவிடுகிறான். இந்த முரணை முதலில் நேர்செய்தது ஐரோப்பா அன்று, ஆப்பிரிக்கா. 1990-இல் ஏற்கப்பட்டு 1999-இல் நடைமுறைக்கு வந்த ஆப்பிரிக்கக் குழந்தை உரிமைச் சாசனம், 18 வயதுக்குட்பட்ட எவரையும் படையில் சேர்க்கக் கூடாது, சண்டையில் நேரடியாக ஈடுபடுத்தவும் கூடாது என்றது. சிறார் படைகளின் கண்டம் என்று நாம் எளிதாகச் சொல்லும் கண்டம், சட்டத்தில் மற்றவர்களுக்கு முன்னே சென்றது.

2000 மே 25 அன்று ஐ.நா. ஏற்ற விருப்ப நெறிமுறை 18-ஐ உலகுக்குப் பொதுவாக்கியது. ஆனால் இரண்டு அளவுகோல்களோடு. அரசுகள் கட்டாயமாகச் சேர்ப்பதானால் 18; பிள்ளை தானே விரும்பி வந்தால் 16 வயதிலிருந்தே சேர்த்துக்கொள்ளலாம், போருக்கு அனுப்பாமலிருக்க இயன்றதைச் செய்ய வேண்டும். அரசல்லாத ஆயுதக் குழுக்களோ எந்த நிலையிலும் 18-க்குக் கீழ்ப்பட்டவர்களைச் சேர்க்கக் கூடாது. பிரிட்டன் இன்றும் 16 வயதுக்காரர்களைச் சேர்க்கிறது. தீப்பெட்டித் தொழிலில் ‘குடும்ப உதவி’ செய்ததை இங்கே ‘தன்விருப்பம்’ செய்கிறது.

எண் எழுதியாயிற்று, வயதைச் சொல்வது யார் என்ற கேள்வி ஹேக் நகரின் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் முன் வந்து நின்றது. காங்கோவின் தாமஸ் லுபாங்கா, 15 வயதுக்குட்பட்டவர்களைப் படையில் சேர்த்த குற்றத்துக்காக 2012 மார்ச்சில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். அந்நீதிமன்றத்தின் முதல் தீர்ப்பு அது. பிறப்புச் சான்றுகள் கிடைப்பது அரிதான இடத்தில் எலும்பையும் பல்லையும் எக்ஸ்ரே எடுத்து வயது கணிக்க முயன்றார்கள். அது திட்டவட்டமான முறை அன்று என்று தெரிந்தது. கடைசியில் நீதிபதிகளுக்குப் பெரிதும் உதவியவற்றுள் ஒன்று காணொளிக் காட்சிகள்: பார்த்தவுடனே பதினைந்துக்கு வெகு கீழே என்று சொல்லத்தக்க முகங்கள். 1891-இல் ஆலை மருத்துவர் எதிர்கொண்ட அதே சிக்கல் நூற்றிருபது ஆண்டு கழித்து ஹேக் நீதிமன்றத்திலும் இருந்தது.

6

1998 மே மாதம் ஐ.நா.வின் சிறப்புப் பிரதிநிதி ஒலாரா ஒட்டுன்னு வன்னிக்கு வந்தார். 17 வயதுக்குட்பட்டவர்களைச் சேர்ப்பதில்லை, 18-க்குட்பட்டவர்களைச் சண்டைக்கு அனுப்புவதில்லை என்று விடுதலைப் புலிகள் அவரிடம் வாக்களித்தார்கள். எண் இருந்தது. வயதைச் சரிபார்க்கும் வேறொருவர் இல்லை. முகாமுக்குள் நுழைந்து பதிவேட்டைக் கேட்கும் ஆய்வாளர் இல்லை. வாக்குறுதி காற்றோடு போயிற்று.

2002 பிப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தது. 2003-இல் யுனிசெஃப்பின் துணையோடு செயல்திட்டம் ஒன்றில் புலிகள் கையொப்பமிட்டனர். விடுவிக்கப்படும் பிள்ளைகளுக்காகக் கிளிநொச்சியில் இடைத்தங்கல் நிலையம் திறக்கப்பட்டது. சிலர் விடுவிக்கப்பட்டார்கள், அதைவிடப் பலர் சேர்க்கப்பட்டார்கள். போர்நிறுத்தத்துக்குப் பின் 2004 இலையுதிர் காலம் வரை யுனிசெஃப் பதிவு செய்த சிறார் சேர்ப்புகள் 3,500-க்கும் மேல் என்று 2004 நவம்பரில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் எழுதியது. அது பெற்றோர் வந்து முறையிட்டவற்றின் எண்ணிக்கை. கிழக்கில் கோயில் திருவிழாவுக்குச் சென்ற பிள்ளைகள் திரும்பவில்லை. பெற்ற தாயின் வாய்மொழிதான் அங்கே பிறப்புச் சான்று. அவளிடம் ஆய்வாளரின் அதிகாரம் இல்லை. முகாம் வாசல் வரை போய் அழுதுவிட்டு வரலாம்.

2004 மார்ச்சில் கருணா பிரிந்தார். ஏப்ரலில் வெருகல் ஆற்றங்கரைச் சண்டைக்குப் பின் அவருடைய படை கலைந்தபோது, பெருந்தொகையான பிள்ளைகள் வீடு திரும்பினார்கள். தாய்மார் கூட்டங்கூட்டமாகப் போய் அழைத்து வந்தார்கள். அந்த வாரங்கள்தாம் இந்த வரலாற்றில் வெளிச்சமானவை. அதன் பின் புலிகள் மீண்டும் வந்து அவர்களில் பலரைக் கேட்டார்கள். கருணாவின் ஆட்களும் அரசின் கட்டுப்பாட்டுப் பகுதிகளிலேயே பிள்ளைகளைப் பிடிக்கத் தொடங்கினார்கள்; பாதுகாப்புப் படையினருக்கு இதில் உடந்தை இருந்தது என்று ஐ.நா. ஆலோசகர் அலன் ராக் 2006 நவம்பரில் வெளிப்படையாகச் சொன்னார். சிறாரைச் சேர்ப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக இலங்கை அரசு தன் குற்றவியல் சட்டத்தில் எழுதிக்கொண்டதும் அதே 2006-இல்தான். 2009-இல் கருணா அமைச்சரானார்.

வயது என்னும் எண்ணை இன்னொரு வழியிலும் பயன்படுத்த முடியும் என்பதை 2006 ஆகஸ்ட் 14 காட்டியது. வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தின்மீது இலங்கை விமானப்படை குண்டு வீசியதில் ஐம்பதுக்கும் மேற்பட்ட இளம்பெண்கள் இறந்தார்கள். அவர்கள் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த போராளிகள் என்றது அரசு. பள்ளி மாணவிகள் என்றது யுனிசெஃப். ஒரு சமூகத்தின் பிள்ளைகளில் சிலர் கையில் துப்பாக்கி ஏறிவிட்டால், அதன் எல்லாப் பிள்ளைகளையும் இலக்காகக் காட்டுவது எதிரிக்கு எளிதாகிவிடுகிறது. பிள்ளைகளைச் சேர்த்தவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர்.

புலிகள் 2006-இல் தங்கள் ஆட்சிப் பகுதிக்கென்று குழந்தைப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றினார்கள்: சேர 17, போரிட 18. ஓர் அரசுக்கு ‘தன்விருப்பத்தின்’ பேரில் அனுமதிக்கப்படுவது தங்களுக்கு ஏன் இல்லை என்பது அதன் உட்பொருள். தர்க்கத்தில் நியாயம் உண்டு, நடைமுறையில் இல்லை. 2007-க்குப் பின் வன்னியில் வீட்டுக்கு ஒருவர் என்ற விதி வந்து, பிறகு அதுவும் மீறப்பட்டது. மணமானவர்களை விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் பெற்றோர் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அவசரமாகக் கல்யாணம் செய்து வைத்தார்கள். ஒரு கட்டாயத்திலிருந்து காக்க இன்னொரு கட்டாயம். பதுங்குகுழிக்குள் பிள்ளைகளை ஒளித்து வைத்தார்கள். 2009 மேயில் எல்லாம் முடிந்தபோது அரசின் புனர்வாழ்வு நிலையங்களுக்கு வந்த சிறார் போராளிகள் 594 பேர். சேர்க்கப்பட்டவர்களின் பதிவுகளோடு இதை ஒப்பிட்டுப் பார்ப்பவர் சிறிது நேரம் பேசாமல் இருப்பார்.

புலிப் போராளி கழுத்தில் அணிந்தவை இரண்டு: இலக்கம் பொறித்த தகடு, நச்சுக் குப்பி. ஆலைச் சிறுவன் வைத்திருந்த வில்லை, அவன் வயதை இன்னொருவர் சரிபார்த்தார் என்பதற்கு அடையாளம். தகடோ இறந்த உடலை அடையாளம் காண்பதற்கு.

நம் இலக்கியம் இதைத் தொடாமல் இல்லை. கோவிந்தனின் ‘புதியதோர் உலகம்’ 1985-இலேயே இயக்க முகாம்களின் உள்ளே நடந்ததை எழுதியது. பதின்வயதில் புலிகளோடு சேர்ந்த ஷோபாசக்தி 2001-இல் ‘கொரில்லா’ எழுதினார். புலிகளின் மகளிர் அரசியல்துறைப் பொறுப்பாளராக இருந்த தமிழினி, மறைவுக்குப் பின் 2016-இல் வெளிவந்த ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ நூலில் இறுதிக்காலக் கட்டாய ஆட்சேர்ப்பை மனம் நொந்து நினைவுகூர்கிறார். எழுதியவர்கள் மூவரும் உள்ளே இருந்தவர்கள். வெளியே, சென்னையில் இருந்த நாம் ஆதரித்தும் எதிர்த்தும் ஏராளமாக எழுதினோம். ஆதரித்தவர்கள் வீரத்தைப் பார்த்தார்கள், எதிர்த்தவர்கள் பயங்கரவாதத்தைப் பார்த்தார்கள். இரு தரப்பும் பார்க்கத் தவறிய அந்தப் பிள்ளைகளின் உறவினர்கள் பலர் வடசென்னையிலிருந்து அதிகத் தூரமில்லாத புழல், கும்மிடிப்பூண்டி முகாம்களில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

7

இந்தியா 2005 நவம்பர் 30 அன்று விருப்ப நெறிமுறையை ஏற்றது. படையில் சேரும் குறைந்தபட்ச வயது 16 என்று அப்போது அறிவித்தது. பயிற்சி முடித்து 18 நிறைந்த பின்னரே களத்துக்கு அனுப்பப்படுவர் என்று உறுதியளித்தது. 2022-இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் கீழ் வரம்பு 17½. இந்தியா தரும் உறுதியையும் வன்னி தந்த உறுதியையும் நான் சமமாக வைக்கவில்லை. இங்கே பிறப்புச் சான்று உண்டு, பள்ளிச் சான்று உண்டு, கேட்டால் பதில் சொல்ல வேண்டிய நீதிமன்றம் உண்டு. ஆயினும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். 2016-இல் திருத்தப்பட்ட குழந்தை, வளரிளம் பருவத் தொழிலாளர் சட்டப்படி, 14 முதல் 18 வயது வரையுள்ள எவரையும் சுரங்கத்திலோ, வெடிபொருள், எரிபொருள் வேலையிலோ அமர்த்தக் கூடாது. எண்ணூரின் ஓர் ஆலையில் வெடிபொருளைத் தொடக் கூடாத பதினேழரை வயதுப் பையன், ராணுவத்தில் துப்பாக்கிப் பயிற்சியைத் தொடங்கலாம். அந்த அரை ஆண்டை 1921-இன் கரி விதியில் நமக்கென்று எழுதிய விலக்கின் தூரத்து உறவாகவே நான் பார்க்கிறேன்.

வயது விதியின் வரலாற்றில் தலைவர்களின் உறுதிமொழிகள் சாதித்தவை குறைவு. சாதித்தவர்கள் மிகச் சாதாரணமானவர்கள்: பல்லைப் பார்த்துச் சான்றெழுதிய மருத்துவர், வாசலில் நின்று பதிவேட்டைக் கேட்ட ஆய்வாளர், வெருகலுக்குப் போய்ப் பிள்ளையைக் கையோடு கூட்டி வந்த தாய். ஆளைத் தேவைப்படுகிற எவரும் வயதைச் சரியாகச் சொல்ல மாட்டார். ஆலை முதலாளியும் சொல்ல மாட்டார், தளபதியும் சொல்ல மாட்டார். ‘அவனே விரும்பி வந்தான்’ என்பது இருவருக்கும் பொதுவான விடை. அந்த விடையை ஏற்காமல் இன்னொரு முறை கேட்பதற்கு வெளியே ஓர் ஆள் வேண்டும். ஈழத்துப் பிள்ளைகளுக்கு அப்படிக் கேட்டவர்கள் மிகச் சிலர். கடலுக்கு இந்தப் பக்கம், அதே மொழியில், ஏராளமான பத்திரிகைகளோடும் மேடைகளோடும் இருந்த நாம் அந்தச் சிலரில் பெரும்பாலும் இருக்கவில்லை.